"சம்பாதிக்கிற முதல் மாசத்துலேயே சேர்த்து வை" என்று பெரியவர்கள் ஏன் வற்புறுத்துகிறார்கள்?

காரணம் கூட்டு வட்டி. போட்ட பணத்துக்கு வட்டி வருகிறது. அந்த வட்டியை எடுக்காமல் விட்டால், அடுத்த வருஷம் அதற்கும் சேர்த்து வட்டி வரும். அவ்வளவுதான் விஷயம்.

வீட்டுக் கொல்லையில் ஒரு வாழை வைத்துப் பாருங்கள். பக்கத்தில் கன்று விடும். அதைப் பிடுங்காமல் விட்டால் அதுவும் பக்கக் கன்று விடும். சில வருஷத்தில் அது தோப்பு. தாய் மரம் ஒன்றுதான், காலம்தான் மீதி வேலையைச் செய்தது.

இப்போது கணக்கு. ஆண்டுக்கு 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பணம் எத்தனை வருஷத்தில் இரட்டிப்பாகும் என்று தோராயமாக அறிய, 72-ஐ வட்டி சதவீதத்தால் வகுத்தால் போதும். 72-ஐ 8-ஆல் வகுத்தால் 9. அதாவது ஏறக்குறைய 9 வருஷத்துக்கு ஒருமுறை பணம் இரட்டிப்பாகும். 24 வயதில் போட்ட 10,000 ரூபாய் 33-ல் 20,000, 42-ல் 40,000, 51-ல் 80,000, 60-ல் 1,60,000. அதே தொகையை 33 வயதில் போட்டால் 60-ல் 80,000தான். தள்ளிப்போட்டது 9 வருஷம், போனது பாதி!

என் அப்பாயி கடுகு டப்பாவுக்குள் நோட்டை நாலாய் மடித்து வைப்பார். அந்தப் பழக்கம் பொன்னானது. ஆனால் டப்பாவில் பணம் குட்டி போடாது. அதனால் சேர்த்ததை அஞ்சலகத்திலோ வங்கியிலோ போட்டுவிடுங்கள்.

பெரிய தொகை இருந்தால்தான் இது பலிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, இதே கணக்கில் 500 ரூபாயும் 36 வருஷத்தில் 16 மடங்காகி 8,000 ஆகும்.