காலடிக்குக் கீழே 6,371 கிலோமீட்டர்: கேள்வி பதில்

கேள்வி: மனிதன் தோண்டியதே 12 கி.மீ. ஆழம்தானாம். அப்புறம் எப்படிப் பூமியின் மையம் வரைக்கும் அடுக்கடுக்காகப் படம் போட்டு வைத்திருக்கிறார்கள்? எல்லாம் ஊகம்தானே?

பதில்: தோண்டிய கணக்கு சரி. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970இல் தொடங்கிய ஆழ்துளை 1989இல் 12,262 மீட்டரைத் தொட்டது. அடியில் 100 டிகிரி இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் 180 டிகிரி செல்சியஸ் இருந்தது. அதற்கு மேல் போக முடியவில்லை. கண்டத்து மேலோட்டின் தடிமன் சராசரியாக 35 முதல் 40 கி.மீ.; அதில் பாதியைக்கூட அந்தத் துளை எட்டவில்லை.

ஆனால் உள்ளமைப்பைத் துளை போட்டுக் கண்டுபிடிக்கவில்லை, நிலநடுக்க அலைகளை வைத்துக் கண்டுபிடித்தார்கள். பி அலை பாறையை அமுக்கி விரித்தபடி போகும். திடத்திலும் போகும், திரவத்திலும் போகும். எஸ் அலை குறுக்காக உலுக்கிக்கொண்டு போகும். திரவத்துக்குள் அதனால் போகவே முடியாது. ஒரு பெரிய நிலநடுக்கம் வந்தால், அந்த இடத்திலிருந்து பூமியின் வளைவில் சுமார் 104 டிகிரிக்கு அப்பால் உள்ள நிலையங்கள் எதிலும் நேரடி எஸ் அலை பதிவாவதில்லை. நேரடி பி அலையும் 104 முதல் 140 டிகிரி வரை காணாமல் போய், அதற்கு அப்பால் தாமதமாகத் தலை காட்டுகிறது. 2,890 கி.மீ. ஆழத்தில் ஒரு திரவக் கோளம் தொடங்குகிறது என்று வைத்தால்தான் இரண்டும் பொருந்தும். அதுதான் வெளிக்கருவம். பி அலை வரக்கூடாத அந்த நிழல் பகுதிக்குள்ளும் மெலிதாகச் சில பி அலைகள் வருவதைக் கவனித்த டென்மார்க்கின் இங்கே லேமன், திரவத்துக்கு நடுவே வேறொரு கோளம் இருக்கிறது என்று 1936இல் எழுதினார். உட்கருவம் என்பது அதுதான், ஆரம் சுமார் 1,220 கி.மீ. ஆயிரக்கணக்கான நிலையங்களில் நொடிக் கணக்கில் சரிபார்க்கப்பட்ட விஷயத்தை ஊகம் என்று தள்ள முடியாது.

கேள்வி: அப்படியானால் மேலோட்டுக்கும் கருவத்துக்கும் நடுவில் இருக்கும் கவசம்தான் எரிமலைக் குழம்பா? என் மகளின் பாடநூல் படத்தில் சிவப்புக் குழம்பு மாதிரிதான் போட்டிருக்கிறது.

பதில்: அந்தப் படத்தை வரைந்தவர்கள் செய்யும் கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல. கவசம் திடப்பாறை. எஸ் அலை அதன் வழியாகத் தடையில்லாமல் போகிறது, அதுவே போதுமான சான்று. ஆனால் அந்த வெப்பத்தில் திடமான பாறையும் ஆண்டுக்குச் சில செ.மீ. என்ற கணக்கில் நகரும். திடம் என்பதும் ஓடும் என்பதும் முரண் அல்ல. பனியாறு திடப்பனிதான், அதுவும் ஓடுகிறது.

குழம்பு உருவாவதற்குச் சூடு ஏறுவதைவிட வேறு இரண்டு காரணங்களே முக்கியம். ஒன்று, அழுத்தம் குறைவது: நடுக்கடல் முகடுகள் எனும் கடலடி மலைத்தொடர்களின் கீழ் கவசப்பாறை மேலே எழும்போது, சூடு ஏறாமலே ஒரு பகுதி உருகிவிடும். இரண்டு, நீர் சேர்வது: கீழே அமிழும் கடல்தட்டு, அதாவது கடலுக்கு அடியில் உள்ள பூமியின் மேல்பலகை, தன் கனிமங்களுக்குள் நீரைச் சுமந்து செல்கிறது. அந்த நீர் வெளியேறி மேலே உள்ள கவசத்தில் கலந்தால் உருகுநிலை சரிந்துவிடும். ஜப்பான், ஆண்டீஸ் எரிமலைகள் இந்த வகை.

கேள்வி: சார், பரீட்சைக்குக் கேட்கிறேன். தட்டுகள் நகரக் காரணம் வெப்பச் சலனம் என்று எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ஆனால் அது பாதி உண்மைதான். கவசம் ஓடி, மேலே உள்ள தட்டுகளைச் சுமந்துபோகிறது என்பது பழைய விளக்கம். இப்போது முதன்மையாகக் கருதப்படுவது அமிழும் தட்டின் இழுவிசை. குளிர்ந்து அடர்த்தியான கடல்தட்டின் விளிம்பு கவசத்துக்குள் இறங்கும்போது பின்னால் உள்ளதையும் இழுத்துக்கொண்டு போகிறது, கொடியில் போட்ட ஈரத்துணி கனத்த பக்கமாக மொத்தமும் சரிவது போல. வேகங்களைப் பாருங்கள்: நீண்ட விளிம்பு அமிழ்ந்துகொண்டிருக்கும் பசிபிக் தட்டு வேகமாகப் போகிறது. அப்படிப்பட்ட விளிம்பு அதிகம் இல்லாத ஆப்பிரிக்க, யுரேசியத் தட்டுகள் மெதுவாக நகர்கின்றன.

கேள்வி: கல்லூரிச் செயல்திட்டத்துக்குத் தட்டின் வேகத்தை நாங்களே கணக்கிட வேண்டும். ஆய்வகம் இல்லாமல் முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். மூன்று வழி இருக்கிறது, மூன்றையும் செய்து ஒப்பிடுங்கள்.

முதல் வழி ஹவாய் தீவுத்தொடர். எரிமலைக்கு ஊற்றான வெப்பப்புள்ளி ஏறக்குறைய ஓரிடத்தில் இருக்க, மேலே தட்டு நகர்வதால் தீவுகள் வரிசையாகப் பிறந்தன. கிலாவேயா எரிமலையிலிருந்து மிட்வே தீவு சுமார் 2,400 கி.மீ.; மிட்வேயின் வயது சுமார் 2.8 கோடி ஆண்டு. 24 கோடி செ.மீ.யை 2.8 கோடியால் வகுத்தால் ஆண்டுக்கு 8.6 செ.மீ. வரும். வெப்பப்புள்ளியும் கொஞ்சம் நகரக்கூடும் என்பதைப் பிழைக் கணக்கில் குறிப்பிடுங்கள்.

இரண்டாவது, கடல்தரையின் காந்தப் பட்டைகள். முகட்டில் உருவாகும் புதுத் தரை அப்போதைய காந்தத் திசையைப் பதித்துக்கொள்வதால் வருபவை இவை. பூமியின் காந்தப்புலம் கடைசியாகத் தலைகீழானது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன். நடுக்கடல் முகட்டின் மையத்திலிருந்து முதல் பட்டை எல்லை வரை தூரத்தை அளந்து வயதால் வகுக்க வேண்டும். முகட்டிலிருந்து 7.8 கி.மீ. என்றால் ஆண்டுக்கு 1 செ.மீ. வரும். எல்லாரும் வழுக்குவது இங்கேதான்: இது ஒரு பக்கத்து வேகம். இரண்டு தட்டுகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் வேகம் 2 செ.மீ. சில நூல்கள் அரை வேகத்தையும் சில முழு வேகத்தையும் தரும். எது என்று பார்க்காமல் ஒப்பிட்டால் விடை சரியாக இரண்டு மடங்கு தவறும்.

மூன்றாவது, நிலையான ஜிபிஎஸ் நிலையங்களின் இலவசத் தரவு. கிழக்கு, வடக்கு நகர்வுகளைத் தனித்தனியாக வரைந்து சாய்வை எடுங்கள். குறைந்தது இரண்டரை ஆண்டுத் தரவு வேண்டும். மழை, பனியின் எடையால் நிலம் ஆண்டுதோறும் ஏறி இறங்குவதால், குறுகிய காலத் தரவில் அந்த அலை வேகத்தோடு கலந்துவிடும். வரைபடத்தில் திடீர்ப் படி தெரிந்தால் அது நிலநடுக்கமாகவோ ஆன்டெனா மாற்றியதாகவோ இருக்கும். படிக்கு முன்னும் பின்னும் தனித்தனிக் கோடு போடுங்கள்.

கேள்வி: புதுக் கடல்தரை உருவாகிக்கொண்டே இருந்தால் பூமி பெருக்காதா?

பதில்: பெருக்காது. உருவாகும் அளவுக்கு ஆழ்கடல் அகழிகளில் உள்ளே போகிறது. அதனால்தான் பெருங்கடல்களில் 20 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட தரை அநேகமாகக் கிடைப்பதில்லை. கண்டங்களிலோ கனடாவின் அகாஸ்டா நைஸ் பாறைக்கு வயது சுமார் 400 கோடி ஆண்டு.

கேள்வி: எவரெஸ்ட் உச்சியில் கடல் உயிரிகளின் எச்சம் இருக்கிறதாமே. அது பிரளயத்துக்குச் சான்று என்று ஒருவர் வாதாடுகிறார்.

பதில்: எச்சம் இருப்பது உண்மை. உச்சியில் உள்ளது ஆர்டோவிசியன் காலச் சுண்ணாம்புக்கல், 44 கோடி ஆண்டுகளுக்கும் பழையது. டிரைலோபைட், கடல் அல்லி ஆகிய கடல் விலங்குகளின் துண்டுகள் அதில் கிடைக்கின்றன. ஆனால் அவை மலைமேல் ஒதுங்கிக் கிடக்கும் சிப்பிகள் அல்ல. கல்லே அந்த ஓட்டுத் துகள்களாலும் சுண்ணாம்புச் சேற்றாலும் ஆனது. வெள்ளம் வந்து வடிந்தால் மலைமேல் சேறு படியும். மலையே கடல்தரைப் பாறையாக மாறிவிடாது. அந்த அடுக்குக்குக் கீழே சில நூறு மீட்டரில் இருக்கும் மஞ்சள் பட்டை சுண்ணாம்புக்கல் வெந்து பளிங்கானது. அப்படி வேக அது பல கிலோமீட்டர் ஆழத்தில் புதைந்திருந்து பிறகு மேலே வந்திருக்க வேண்டும். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டு ஆசியாவில் முட்டியதன் விளைவு அது.

கேள்வி: பாறையை வைத்துப் புதைபடிவத்துக்கு வயது சொல்கிறீர்கள், புதைபடிவத்தை வைத்துப் பாறைக்கு வயது சொல்கிறீர்கள். இது சுற்றி வளைத்து ஏமாற்றுவது இல்லையா?

பதில்: நல்ல கேள்வி, காரமாகவே பதில் சொல்ல வேண்டியது. முதலில் கண்டது வரிசை, வயது அல்ல. இங்கிலாந்தில் கால்வாய் வெட்டும் பணியில் நில அளவையாளராக இருந்த வில்லியம் ஸ்மித், எந்த அடுக்கில் எந்தப் படிவம் வருகிறது என்று ஊர் ஊராகப் பார்த்து 1815இல் நிலவியல் வரைபடம் வெளியிட்டார். பாறையின் வயதைச் சொல்ல உதவும் கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்டது 1896இல். வரிசையைச் சொன்னவர்களிடம் வயது சொல்லும் கடிகாரமே இல்லை. பின்னால் வந்த கடிகாரம் அந்த வரிசையைக் கலைத்திருக்க முடியும். கலைக்கவில்லை.

அந்தக் கடிகாரம் வேலை செய்யும் விதம் இது. படிவுப்பாறையில் உள்ள மணல் எல்லாம் பழைய மலைகளிலிருந்து வந்தது என்பதால் அதற்கு நேரடியாக வயது பார்ப்பதில் பயனில்லை. படிவத்துக்கு மேலும் கீழும் உள்ள எரிமலைச் சாம்பல் அடுக்குகளைத் தேடுவார்கள். சில கிலோ சாம்பலை உடைத்துச் சலித்து, காந்தத்தால் பிரித்து, அடர்திரவத்தில் போட்டால் சிர்க்கான் என்ற கனிமத்தின் மணிகள் அடியில் தங்கும். ஒவ்வொன்றும் பத்தில் ஒரு மி.மீ. அளவுதான். சிர்க்கான் உருவாகும்போது யுரேனியத்தை ஏற்கும், காரீயத்தை ஏற்காது. ஆகவே உள்ளே இருக்கும் காரீயம் அநேகமாக முழுதும் யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம்-238இன் அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் காலம்) 447 கோடி ஆண்டு, 235இன் அரை ஆயுள் 70.4 கோடி ஆண்டு. வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரண்டு கடிகாரங்கள் ஒரே மணிக்குள் இருக்கின்றன. இரண்டும் ஒரே வயதைக் காட்டினால்தான் முடிவை நம்புவார்கள்.

தவறுவது இரண்டு விதத்தில். கதிர்வீச்சால் சிதைந்த ஓரங்கள் வழியே காரீயம் கசிந்தால் வயது குறைவாகக் காட்டும். அதற்காக மணியைச் சுமார் 900 டிகிரியில் பதப்படுத்தி, ஹைட்ரோபுளோரிக் அமிலத்தில் சிதைந்த பகுதியை மட்டும் கரைத்துவிட்டு மீதியை அளக்கிறார்கள். மற்றொன்று, எரிமலை வெடிக்கும்போது பழைய பாறையின் சிர்க்கானையும் வாரிக்கொண்டு வரும். அது வயதைக் கூட்டிக் காட்டும். ஒரு மணியை மட்டும் அளந்துவிட்டு வயது சொல்பவரை நம்பாதீர்கள்.

கேள்வி: எங்களிடம் ஒரு டைனோசர் எலும்புத் துண்டு இருக்கிறது. கார்பன் பரிசோதனைக்கு அனுப்பலாமா?

பதில்: காசு வீண். கார்பன்-14இன் அரை ஆயுள் 5,730 ஆண்டு. சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் அளக்க எதுவும் மிஞ்சாது. ஆனாலும் ஒரு எண் வரக்கூடும், அதுதான் ஆபத்து. கார்பன்-14 துளியும் இல்லாத மாதிரியில் 1 சதவீதம் இன்றைய கார்பன் கலந்தால் போதும், 37,000 ஆண்டு என்று முடிவு வரும். ஒட்டுவதற்குத் தடவிய பசையே அந்த 1 சதவீதத்தைத் தந்துவிடும்.

கேள்வி: இடைநிலை உயிரினங்களின் படிவம் கிடைப்பதே இல்லை என்கிறார்களே?

பதில்: கிடைக்கின்றன, எங்கே தேடுவது என்று முன்கூட்டியே சொல்லித் தேடியும் கிடைத்திருக்கின்றன. மீனுக்கும் நான்கு கால் விலங்குகளுக்கும் இடைப்பட்ட ஒன்று சுமார் 37.5 கோடி ஆண்டுப் பழைய ஆற்றுப்படிவில் இருக்க வேண்டும் என்று கணித்து, அந்த வயதுள்ள பாறை வெளியே தெரியும் கனடாவின் எல்ஸ்மியர் தீவுக்குப் போனார்கள். டிக்டாலிக் என்ற அந்த உயிரினம் 2004இல் கிடைத்தது. செதிலும் துடுப்பும் மீனுடையவை. கழுத்தும், துடுப்புக்குள் மணிக்கட்டு போன்ற எலும்பும் மீனுக்கு இல்லாதவை. ஆனால் அதைவிடப் பழைய, நான்கு கால் விலங்குகளின் காலடித் தடங்கள் 2010இல் போலந்திலிருந்து வெளியாயின. ஆகவே டிக்டாலிக்கை நமது நேரடிப் பாட்டன் என்று எழுதாதீர்கள். அந்தக் கிளையின் உருவம் எப்படி இருந்தது என்பதற்கான சாட்சி அது.

பதிவில் இடைவெளி இருப்பதும் உண்மைதான். சீலகாந்த் மீனின் படிவங்கள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைகளோடு நின்றுபோயின. 1938இல் தென்னாப்பிரிக்கக் கடலில் உயிரோடு பிடிபட்டது. படிவம் இல்லை என்பதை உயிர் இல்லை என்று படிக்கக் கூடாது.

கேள்வி: கல்லைப் பிளந்தபோது பெரணி இலை மாதிரிக் கறுப்பாக அழகாக இருந்தது. புதைபடிவமா?

பதில்: பெரும்பாலும் மாங்கனீசு ஆக்சைடு படிகம். லென்ஸில் பாருங்கள். நடுநரம்பு இல்லாமல் கிளைக்குக் கிளை முடிவில்லாமல் பிரிந்தால், கல்லின் விரிசலிலிருந்து உள்நோக்கிப் பரவியிருந்தால், படிகம்தான். உண்மையான இலை படிவ அடுக்கின் தளத்தில் படுத்திருக்கும். நடுநரம்பும் விளிம்பும் தெளிவாக இருக்கும்.

கேள்வி: உண்மையான படிவமே கிடைத்தால்? எப்படி எடுப்பது, எப்படிப் பாதுகாப்பது? வார்னிஷ் அடித்தால் போதுமா?

பதில்: வார்னிஷைத் தொடாதீர்கள். மஞ்சளாகும், பிறகு எடுக்க வராது. முதலில் நிலத்துக்குரியவரின் அனுமதி, அந்த நாட்டுச் சட்டம் இரண்டையும் பாருங்கள். எலும்புப் படிவத்தைத் தனியாள் எடுக்கவே கூடாத நாடுகள் உண்டு.

எடுக்கும் முன் எழுதிக்கொள்ளுங்கள்: ஜிபிஎஸ் இடம், அடுக்கின் தடிமன், மேலும் கீழும் என்ன பாறை, எந்தப் பக்கம் மேல், எது வடக்கு. இந்தக் குறிப்பு இல்லாத படிவம் ஆய்வுக்கு உதவாத அலங்காரக் கல். நொறுங்கும் எலும்பு என்றால் சுற்றிலும் பள்ளம் வெட்டி, அதைப் பாறையோடு மேடாக நிற்க விடுங்கள். ஈரக் காகிதத்தை மூன்று நான்கு அடுக்கு போர்த்தி, அதன்மேல் பாரிஸ் சாந்தில் நனைத்த சாக்குத் துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுங்கள். காகிதத்தை விட்டுவிட்டால் சாந்து எலும்பைப் பிடித்து, பிரிக்கும்போது மேற்பரப்பையும் உரித்துக்கொண்டு வரும். நன்றாக இறுகிய பிறகே அடியை அறுத்துப் புரட்ட வேண்டும்.

உறுதிப்படுத்த பாரலாய்ட் பி-72 அக்ரிலிக் பிசினை அசிட்டோனில் கரையுங்கள். 100 மில்லிக்கு 5 கிராம் போதும், அந்த நீர்த்த கரைசல் உள்ளே இறங்கும். கெட்டியாகக் கலந்தால் மேலேயே தங்கிப் பளபளக்கும். ஈரமான எலும்பில் தடவினால் வெள்ளை பூக்கும்; முதலில் நிழலில் மெல்ல உலர விடுங்கள். இந்தப் பிசினை எப்போது வேண்டுமானாலும் அசிட்டோனாலேயே கழுவி எடுத்துவிடலாம். அசிட்டோன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும், காற்றோட்டம் வேண்டும்.

சுண்ணாம்புக்கல்லில் மாட்டிய எலும்பை 5 முதல் 10 சதவீத அசிட்டிக் அமிலத்தில் வெளியே எடுக்கலாம். கல் கரையும், பாஸ்பேட்டால் ஆன எலும்பு நிற்கும். அதே முறையைச் சிப்பியில் செய்தால் கல்லோடு சிப்பியும் கரைந்துவிடும்.

கேள்வி: பொன்னிறமான அம்மோனைட் (சுருள் ஓட்டுக் கடல் உயிரியின் படிவம்) ஒன்று பெட்டிக்குள் இருந்தபடியே வெடித்து வெள்ளைப் பொடி உதிர்கிறது. நாற்றமும் அடிக்கிறது.

பதில்: பைரைட் நோய். ஓட்டுக்குள் நிரம்பிய இரும்பு சல்பைடு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து சல்பேட்டும் கந்தக அமிலமும் ஆகிறது. ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் வேகமெடுக்கும். தண்ணீரில் கழுவவே வேண்டாம். பொடியை மென்தூரிகையால் துடைத்துவிட்டு, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் 40 சதவீதத்துக்குக் கீழே வையுங்கள். மற்ற மாதிரிகளிடமிருந்து தள்ளி வையுங்கள். வெளியேறும் அமிலம் பக்கத்து லேபிளையும் அரித்துவிடும்.

கேள்வி: பேரழிவு என்றால் எல்லா இனங்களும் ஒரே கோட்டில் நின்றுபோக வேண்டாமா? பாறையில் படிப்படியாக அல்லவா குறைகின்றன?

பதில்: அரிதான இனத்தின் கடைசிப் படிவம், அது உண்மையில் அழிந்த கோட்டுக்கு வெகு கீழேயே நின்றுவிடும். காரணம் அது எப்போதாவதுதான் படிவமாகும். அதனால் திடீர் அழிவும் பாறையில் படிப்படியாகத் தெரியும். சிக்னர், லிப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1982இல் இதை விளக்கினார்கள். எல்லைக்குக் கீழே உள்ள சில மீட்டரில் இன்னும் அதிக மாதிரி சேகரித்துப் பாருங்கள். கடைசிப் படிவம் கோட்டை நோக்கி ஏறினால் அழிவு திடீரென வந்தது. ஏறாமல் நின்ற இடத்திலேயே நின்றால் அந்த இனம் முன்னதாகவே போய்விட்டது. சீனாவின் மெய்ஷானில் பெர்மியன் என்ற காலகட்டத்தின் முடிவில் நடந்த அழிவை, சாம்பல் அடுக்குகளின் சிர்க்கான் வயதை வைத்து அளந்தபோது சுமார் 60,000 ஆண்டு என்று வந்தது; அதில் 48,000 ஆண்டு கூடவோ குறையவோ இருக்கலாம். நமக்கு நீண்ட காலம், 25.2 கோடி ஆண்டுப் பழைய அந்தப் பாறையில் சில பத்து செ.மீ.