ட்யூப்பை மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: எங்களுடையது நான்கு மாடி அலுவலகக் கட்டடம். கட்டி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. 36 வாட் ட்யூப்லைட் மட்டும் சுமார் 400 இருக்கின்றன. எல்லாமே பழைய இரும்புச் சோக் வைத்தவை. எல்இடிக்கு மாறுவதென்று முடிவு செய்துவிட்டோம். ஒரு ஒப்பந்ததாரர், ட்யூப்பைக் கழற்றி எல்இடி ட்யூப்பை மாட்டினால் போதும் என்கிறார். இன்னொருவர் பிட்டிங்கோடு சேர்த்து மாற்றச் சொல்கிறார். அதற்குச் செலவு இரண்டு மடங்குக்கு மேல் போகிறது. யார் சொல்வதைக் கேட்பது? போட்ட பணம் எத்தனை நாளில் திரும்பும்?

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. உங்கள் கட்டடத்தில் சில இடங்களுக்கு முதலாமவர் சொல்வது பொருந்தும், சில இடங்களுக்கு இரண்டாமவர் சொல்வது. வேறு சில இடங்களில் இப்போதைக்கு எதையுமே தொடத் தேவையில்லை. எது எந்த இடம் என்பதை விளக்கின் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது எத்தனை மணி நேரம் எரிகிறது என்று பாருங்கள்.

முதலில் கணக்கு. 36 வாட் என்பது ட்யூப்புக்கு மட்டும்தான். இரும்புச் சோக் தன் பங்குக்கு 8 முதல் 10 வாட் வரை வெறும் சூடாகவே தின்றுவிடும். ஆக, எரியும்போது ஒரு ட்யூப்லைட் இழுப்பது ஏறக்குறைய 45 வாட். அங்கே 18 வாட் எல்இடி வந்தால் 27 வாட் மிச்சம். தினம் 10 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்று வைத்தால் 3,000 மணி; ஒரு ட்யூப்புக்கு 81 யூனிட். நானூறுக்கும் சேர்த்து 32,400 யூனிட். ஏசி ஓடும் இடங்களில் இதற்கு மேலும் கொஞ்சம் கிடைக்கும். விளக்கு இழுக்கும் மின்சாரம் முழுக்கக் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் தங்குகிறது. அதில் 3 வாட்டை வெளியே தள்ள ஏசிக்குத் தோராயமாக 1 வாட் தேவை. குளிர்காலத்தில் ஹீட்டர் போடும் ஊர் என்றால் இந்தக் கூடுதல் லாபம் அந்த மாதங்களில் கிடையாது, ஹீட்டர்தான் கொஞ்சம் கூடுதலாக ஓடும்.

இந்தச் சராசரிக் கணக்கை அப்படியே நம்பிவிடவும் கூடாது. மாடிப்படியிலும் அடித்தளப் பார்க்கிங்கிலும் விளக்கு இரவு பகலாக எரியும். அங்கே வருடத்துக்கு 8,760 மணி, ஒரு ட்யூப்புக்கு 236 யூனிட் மிச்சம். அதே ட்யூப் ஸ்டோர் ரூமில் தினம் ஒரு மணி நேரம் எரிந்தால் மிச்சம் 8 யூனிட். ஒரே பொருள், ஒரே கூலி, பலனில் முப்பது மடங்கு வித்தியாசம்! அதனால் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கட்டடத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். எந்த இடம், எத்தனை விளக்கு, எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். இரவு பத்து மணிக்கு இன்னொரு சுற்று. அணைந்திருக்கும் என்று நீங்கள் நினைத்த பல விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்.

சரி, ட்யூப்பா பிட்டிங்கா? பிட்டிங்கின் உடலும் ஹோல்டரும் வயரும் நன்றாக இருந்தால் ட்யூப் மட்டும் போதும். ஆனால் "கழற்றி மாட்டினால் போதும்" என்ற பேச்சில்தான் எனக்குச் சந்தேகம். ஸ்டார்ட்டரை மட்டும் மாற்றிவிட்டுச் சோக்கை லைனில் அப்படியே விடுவது வேகமாக முடிகிற வேலை, நல்ல வேலை இல்லை. சோக்கை நீக்கி, லைனை நேராக ட்யூப்புக்கே கொடுக்கும் நேர் வயரிங் செய்யச் சொல்லுங்கள்.

கெப்பாசிட்டரையும் மறக்க வேண்டாம். ஒரு கட்டடத்தில் மாற்றம் முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். எல்லாம் எல்இடி ஆகிவிட்டது, ஆனால் பில்லில் பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலைக்குப் பயன்படுகிறது என்ற விகிதம்) அபராதம் புதிதாக வந்திருந்தது. 20 ட்யூப் உள்ள ஒரு சர்க்யூட்டில் கிளாம்ப் மீட்டரை மாட்டினேன். 230 வோல்ட் லைனில் அதற்கு இரண்டு ஆம்பியர்கூட வரக்கூடாது. மீட்டர் 6 ஆம்பியர் காட்டியது. ஒரு பிட்டிங்கின் மூடியைக் கழற்றினால், உள்ளே 4 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் லைனுக்குக் குறுக்கே சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. பழைய சோக்கினால் கெடும் பவர் ஃபேக்டரைச் சரிக்கட்ட வைத்தது அது. சோக் போன பிறகு அதுவே பவர் ஃபேக்டரை எதிர்ப்பக்கமாகக் கெடுக்கிறது. பகலில் ஏசியும் மோட்டாரும் ஓடும்போது தெரியாது. இரவில் விளக்கு மட்டும் எரியும்போது மாட்டிக்கொள்ளும். உங்கள் பிட்டிங்கிலும் அது இருக்கலாம்; கழற்றுவதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று, எல்இடி ட்யூப்களில் ஒரு முனையில் மட்டும் லைன் கொடுப்பவையும் உண்டு, இரண்டு முனையிலும் கொடுப்பவையும் உண்டு. கலந்து வாங்காதீர்கள். மாற்றிய ஒவ்வொரு பிட்டிங்கிலும் "நேர் வயரிங், எல்இடி மட்டும்" என்று ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள். நாளைக்கு வரும் எலக்ட்ரீஷியனுக்கு உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது.

ஹோல்டர் நொறுங்கினாலோ, மூடி மஞ்சளாகியிருந்தாலோ முழு பிட்டிங்கையே மாற்றுங்கள். பார்க்கிங்கிலும் மாடிப்படியிலும் நான் யோசிக்கவே மாட்டேன்: சென்சார் உள்ளேயே வைத்த புது பிட்டிங், ஆள் இல்லாதபோது 20 சதவீத வெளிச்சம், ஆள் வந்தால் முழு வெளிச்சம். அலுவலகத்தில் ஜன்னல் ஓர வரிசைக்குத் தனி சுவிட்சாவது வையுங்கள்.

வாங்கும்போது வாட்டை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரு வாட்டுக்கு எத்தனை லூமன் (விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு) என்று கேளுங்கள். நூறுக்குக் குறைந்தால் வேண்டாம். பவர் ஃபேக்டர் 0.9க்கு மேல், நிறங்களைக் காட்டும் திறன் 80க்கு மேல், வெளிச்சத்தின் நிறம் அலுவலகத்துக்கு 4,000 கெல்வின். பழைய ட்யூப் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் வீசும், எல்இடி ட்யூப் பெரும்பாலும் கீழே மட்டும். அதனால் மேஜை நன்றாகவே இருக்கும், சுவரும் கூரையும் கொஞ்சம் இருண்டதுபோல் தோன்றும். ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரை மேஜைமேல் வையுங்கள். படித்து எழுதும் இடத்தில் 500, நடைபாதையில் 100 லக்ஸ் இருந்தால் போதும். இரட்டை ட்யூப் இருந்த இடத்தில் ஒன்றே போதும் என்று பல சமயம் தெரியவரும்.

பெட்டியில் 50,000 மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது எல்இடி சில்லின் வெளிச்சம் 70 சதவீதத்துக்கு இறங்க ஆகும் காலம். அதற்கு முன்பே டிரைவர் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் உள் சர்க்யூட்) போய்விடும், அதுவும் காற்றுப் போகாத மூடிய பிட்டிங்கில் சீக்கிரமே. எனவே உத்தரவாதம் டிரைவருக்கும் உண்டா என்று கேளுங்கள். அப்புறம், நிறைய விளக்கை ஒரே சுவிட்சில் போட்டால் போடும் கணத்தில் எம்சிபி (மின்சாரம் அதிகமானால் தானாக அணையும் சுவிட்ச்) விழலாம். சர்க்யூட்டைப் பிரித்தால் சரியாகிவிடும்.

பணம் திரும்பும் காலம்? உங்கள் நோட்டில் ஒவ்வொரு இடத்துக்கும் மிச்சமாகும் யூனிட்டை உங்கள் கட்டணத்தால் பெருக்கி, அந்த இடத்துக்கான செலவை அதால் வகுங்கள். மாடிப்படிக்கு மாதக் கணக்கில் வரும், ஸ்டோர் ரூமுக்கு வருடங்கள் ஆகும். ஸ்டோர் ரூமை விட்டுவிடுங்கள், அந்த ட்யூப் தானாகப் போகும்போது மாற்றலாம். ஆனால் வேறு இடங்களில் கழற்றிய நல்ல ட்யூப்களில் கொஞ்சம் அதற்காக எடுத்து வையுங்கள். பாதரசம் உள்ள ஃப்ளோரசன்ட் ட்யூப்களின் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள் படிப்படியாக நிறுத்துவதென்று, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள் 2023இல் ஒப்புக்கொண்டுவிட்டன. மீதி ட்யூப்களை உடைக்காமல், புது எல்இடி ட்யூப்கள் வந்த அட்டைப்பெட்டியிலேயே போட்டு, பாதரசக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.