வேறு நாட்டுத் தீர்ப்பு நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. அப்புறம் சுற்றுச்சூழல் வழக்குகளில் பல நாட்டு நீதிபதிகள் ஒத்துழைத்து என்ன பயன்?

கட்டுப்படுத்தாது என்பது சரிதான். ஆனால் அதிலுள்ள தர்க்கத்தை எடுத்துக்கொள்ளத் தடையில்லை. நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் 2019-இல் உர்கெண்டா என்ற சுற்றுச்சூழல் அமைப்பு தொடுத்த வழக்கில், 1990-ஆம் ஆண்டு அளவிலிருந்து 2020-க்குள் குறைந்தது 25 சதவீதமாவது பசுமை இல்ல வாயு உமிழ்வைக் குறைக்க வேண்டும் என்று தன் அரசுக்குக் கீழ் நீதிமன்றம் இட்ட உத்தரவை உறுதிசெய்தது. 'உலகப் பிரச்சினைக்கு எங்கள் ஒரு நாடு என்ன செய்ய முடியும்?' என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. ஜெர்மனியிலும் அதே கேள்வி வந்தது. 2021-இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சாக்கை ஏற்காதபோது உர்கெண்டா தீர்ப்பையும் மேற்கோள் காட்டியது. என்னைக் கேட்டால், ஒத்துழைப்பின் உண்மையான பலன் இதுதான்.

2002-இல் ஜோகன்னஸ்பர்க்கில் பல நாட்டு நீதிபதிகள் கூடி வெளியிட்ட கோட்பாடுகளும் நீதிபதிகளுக்குப் பயிற்சி, தகவல் பரிமாற்றம் ஆகியவற்றையே வலியுறுத்தின. உமிழ்வுக் கணக்கும் நிலத்தடி நீர் ஆய்வறிக்கையும் சட்டப் படிப்பில் வருவதில்லையே!

சிக்கல் பண விஷயத்தில்தான். மாசுபடுத்திய நிறுவனத்தின் சொத்து வெளிநாட்டில் இருந்தால், இங்கே இழப்பீட்டுத் தீர்ப்பு வாங்கினாலும் அந்த நாட்டு நீதிமன்றம் அதை ஏற்றால்தான் அங்கே வசூலிக்க முடியும். இதில் ஒத்துழைப்பு இன்னும் நொண்டிக்கொண்டுதான் இருக்கிறது.