கோத்தகிரி வீட்டு வேலைக்கு பி.எஃப். பணத்தை எடுக்கலாமா?

வீட்டைப் புதுப்பிக்கவும் ஈரச் சுவரைச் சரிசெய்யவும் பி.எஃப். பணத்தை எடுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. எடுக்காதீங்க. 15 சதவீத வட்டியில பர்சனல் லோன் ஓடும்போது புது கிச்சனும் டைல்ஸும் காத்திருக்கட்டும். ஈரச் சுவர் மட்டும் காத்திருக்காது. கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பலமா வரும், அக்டோபருக்குள் அதை முடிச்சிடுங்க.

ஓடு ஒழுகுதுன்னு கொத்தனார் சொல்றார், ஆனா நனைவது மேட்டை ஒட்டிய பின்சுவர் மட்டும்னு எழுதியிருக்கீங்க. எனக்கென்னவோ பின்னால இருக்கும் வடிகால்ல மண் மூடி, தண்ணி சுவருக்குள் இறங்குதுன்னு படுது. மலை வீடுகள்ல இது சகஜம். ஈரம் தரையிலிருந்து ஏறுதா, கூரையிலிருந்து இறங்குதான்னு பாருங்க. கீழிருந்து ஏறினா ஓடு மாத்தும் செலவே வேண்டாம், வடிகாலைத் தோண்டிச் சுத்தம் செய்யும் கூலிதான்.

மிச்சமாகும் பணத்தை லோனுக்குக் கட்டுங்க. அதை பி.பி.எஃப்.ல (நாமே விரும்பிப் போடும் பொது வருங்கால வைப்பு நிதி) போட்டா கிடைப்பது 7.1 சதவீதம்தான். லோன் முடியும்வரை அந்த பி.பி.எஃப். கணக்கு முடங்காம இருக்க வருஷம் 500 ரூபாய் போட்டாப் போதும். லோனை முன்கூட்டியே அடைச்சா என்ன கட்டணம் பிடிப்பாங்கன்னு லோன் பத்திரத்தில் முதல்ல பாருங்க.

ஆனா மேட்டைத் தாங்கும் தடுப்புச்சுவர் வயிறு தள்ளியிருந்தாலோ, சுவரில் வெடிப்பு சாய்வா ஓடினாலோ இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. உடனே இன்ஜினியரைக் கூப்பிடுங்க. அதுக்கு நகைக்கடன் வாங்கினாலும் தப்பில்லை.