எந்த ஊர் என்று கேளுங்கள்

(சிங்கப்பூரில் 21 ஆண்டுகள் செவிலியராக இருந்து, இப்போது பாளையங்கோட்டைக்குத் திரும்பியிருக்கும் நம் பத்தியாளர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். அவனோடு வேலை செய்யும் சிங்கப்பூர்ச் சீன நண்பர் தன் மனைவியையும் தாயாரையும் அழைத்துக்கொண்டு கல்யாணத்துக்கு வருகிறாராம். வீட்டில் இப்போதே ஆளுக்கொரு பேச்சு. "பாம்பும் பல்லியும் தின்கிறவர்களுக்குப் பந்தியில் என்ன வைப்பாய்?" என்கிறார் நாத்தனார். "கொரோனாவைக் கொண்டுவந்தவர்கள்" என்கிறார் கொழுந்தனார். பட்டாளத்தில் இருந்த என் பெரியப்பா மகன், "எதிரி நாட்டுக்காரனுக்கு வரவேற்பா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சீனர்கள் எப்படிப்பட்டவர்கள்? எப்படி உபசரிப்பது?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: அம்மா, உங்கள் அண்ணனிடமிருந்தே தொடங்குகிறேன். 1962 போரும், 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்ததும் பட்டாளத்தில் இருந்தவருக்குச் சொந்த வீட்டுச் சாவு மாதிரி. அந்த வருத்தத்தை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் வருகிறவர்கள் சிங்கப்பூர்க் குடிமக்கள். அங்கே நாலில் மூன்று பேர் சீன வம்சாவளியினர். ஆட்சிமொழிகள் நான்கில் தமிழும் ஒன்று. வருகிற நண்பரிடம் ஒரு சிங்கப்பூர் நாணயத்தை வாங்கி அண்ணன் கையில் கொடுங்கள். 'சிங்கப்பூர்' என்று நம் எழுத்திலும் அதில் பொறித்திருக்கும்.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். 1962-இல் கல்கத்தாவிலும் அஸ்ஸாமிலும் தலைமுறைகளாகக் குடியிருந்த சீனக் குடும்பங்களைப் பிடித்து, ஏறக்குறைய 3,000 பேரை, ராஜஸ்தானில் தேவ்ளி என்ற இடத்து முகாமில் அடைத்தார்கள். தோல் பதனிட்டும், செருப்புத் தைத்தும், தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்தும் பிழைத்தவர்கள். சிலர் வருடக்கணக்கில் உள்ளே கிடந்தார்கள். முகத்தைப் பார்த்து எதிரி என்று முடிவு கட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு நாம் வெளிநாடு தேடிப் போக வேண்டியதில்லை.

சீனர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 1994-இல் அந்த ஊரில் இறங்கியபோது என் மனதிலும் இதே கேள்விதான் இருந்தது. அவர்களுக்கும் என்னைப் பற்றி ஒரு கேள்வி இருந்திருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், 78 வயது மூதாட்டி ஒருவர் வார்டில் இருந்தார். நாடி பார்க்கக் கையைத் தொட்டேன், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். சீன நர்ஸ்தான் வேண்டும் என்று சைகை காட்டினார். என் கறுத்த கைதான் காரணம் என்பது சொல்லாமலே புரிந்தது. வார்டின் பின்கட்டில் நின்று அழுதேன்.

மூன்றாம் நாள் இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. தண்ணீர் கேட்டார். ஜாடியிலிருந்து குளிர்ந்த நீரை ஊற்றிக் கொடுத்தேன், வாங்கவில்லை. இரவுப் பணியாள் ஒருவர் வந்து, "வெந்நீர் கொடுங்கள், வயதானவர்கள் பச்சைத் தண்ணீர் தொட மாட்டார்கள்" என்றார். என் ஆச்சியும் அப்படித்தான். கொதித்து ஆறிய தண்ணீரைத் தவிர வேறு எதுவும் அவள் தொண்டையில் இறங்காது. பிளாஸ்க்கிலிருந்து வெந்நீரை ஊற்றி, ஆச்சிக்குக் கொடுப்பதுபோல் என் புறங்கையில் சூடு பார்த்துவிட்டுக் கொடுத்தேன். அந்த மூதாட்டி டம்ளரை இரண்டு கைகளாலும் வாங்கினார். குடித்து முடித்து என்னை நிமிர்ந்து பார்த்தார். "சுடா மக்கான்?" என்றார். மலாய் மொழியில் 'சாப்பிட்டாயா' என்று அர்த்தம். அங்கே பழைய தலைமுறைச் சீனரும் தமிழரும் ஒருவரோடு ஒருவர் பேசக் கைகொடுத்த மொழி அதுதான்.

அடுத்த கேள்வி, எந்த ஊர் என்பது. திருநெல்வேலி என்றேன். அவருக்குத் தெரியவில்லை. தன் ஊரைச் சொன்னார், எனக்குத் தெரியவில்லை. சீனாவின் தென்கிழக்குக் கரையில், ஃபுஜியான் மாகாணத்தில் சுவான்சோவுக்கு அருகில் ஒரு கிராமம். சிறு பெண்ணாக இருந்தபோது கப்பலேறியவர் திரும்பிப் போகவே இல்லை. கிணற்றடியில் நின்ற லோங்கான் மரத்தைப் பற்றி விடியும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பாதிதான் புரிந்தது. மறுநாள் காலையில் நாடி பார்க்கப் போனபோது கையை அவரே நீட்டினார்.

எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான் அம்மா. எந்த ஊர் என்று கேளுங்கள். 'சீனர்' என்று மொத்தமாகச் சொன்னால் நமக்கு ஒரு முகம்கூடத் தெரியாது. சிங்கப்பூர்ச் சீனரிடம் கேட்டால் ஹொக்கியன், தியோசூ, கான்டனீஸ், ஹக்கா, ஹைனான் என்று சொல்வார்கள். ஒவ்வொருவருக்கும் தனிப் பேச்சு, தனிச் சமையல். பெரும்பாலும் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. வடக்கே போனால் நம்மை 'மதராசி' என்று ஒரே மூட்டையில் கட்டுகிறார்களே, நமக்கு எப்படி இருக்கிறது? தூத்துக்குடி மக்ரூனும் திருநெல்வேலி அல்வாவும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் சும்மா இருப்போமா?

பாம்பு விஷயம். தென் சீனாவில் பாம்பு சூப் குடிக்கிறவர்கள் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். நாய்க்கறி உண்கிறவர்களும் சிலர் இருக்கிறார்கள். ஆனால் சீனாவிலேயே பெரும்பாலோர் அதைத் தொடுவதில்லை. ஷென்ஜென் நகரம் 2020-இல் நாய், பூனை இறைச்சியைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. நான் பார்த்த வயதான பெண்களில் பலர் குவான்யின் அம்மனைக் கும்பிடுகிறவர்கள்; மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார்கள். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சைவம் மட்டும்தான். இதை உங்கள் நாத்தனாரிடம் அவசியம் சொல்லுங்கள்.

கொழுந்தனாருக்கும் ஒரு வார்த்தை. 2019 கடைசியில் அந்த நோய் முதலில் தெரியவந்தது வூஹானில்தான். கிருமிக்குச் சாதியும் தேசமும் கிடையாது என்பதை ஒரு நர்ஸாகச் சொல்கிறேன். 2020-இல் நம் நாட்டு நகரங்களிலேயே மணிப்பூர், நாகாலாந்துப் பிள்ளைகளைப் பார்த்துக் 'கொரோனா' என்று கத்தினார்கள். சொந்த நாட்டுப் பிள்ளைகளை! அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

இனிப் பந்தி. மறுவீட்டு விருந்தில் சொதி வைப்பீர்கள் அல்லவா, தயங்காமல் வையுங்கள். தேங்காய்ப்பால் குழம்பு சிங்கப்பூர்க்காரர்களுக்கு அன்றாடம் பழகியது. இஞ்சிப் பச்சடியும் பிடிக்கும். பால் பாயசத்தையும் தயிரையும் மட்டும் வற்புறுத்தாதீர்கள்; சீனரில் பெரியவர்கள் பலருக்குப் பால் செரிக்காது. தாயாருக்கு ஒரு பிளாஸ்க் வெந்நீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். நினைவுப் பரிசாகச் சுவர்க் கடிகாரம் கொடுத்துவிடாதீர்கள். 'கடிகாரம் கொடுப்பது' என்பதும் 'சாவுக்கு வழியனுப்புவது' என்பதும் அவர்கள் மொழியில் ஒரே ஒலி. எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் கொடுங்கள்.

கேள்வி: கழுகுமலைப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்து மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவள் நான். சீன லைட்டர் வந்து எங்கள் வேலையைப் பாதியாக்கிவிட்டது. சீனர்களைப் பற்றி நல்லதாக எழுத உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: தங்கச்சி, உங்கள் கோபம் நியாயமானது. உங்கள் விரல் நுனியில் ஒட்டிய மருந்தின் வாசம் எனக்குத் தெரியும். என் சித்தி கட்டை அடுக்கிப் பிழைத்தவள். ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டியின் வேலையைச் செய்யும் என்று வியாபாரிகளே சொன்னார்கள். தொடர்ந்து கோரிக்கை வைத்த பிறகு, 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியை மத்திய அரசு தடை செய்தது. உதிரிபாகமாகக் கொண்டுவந்து இங்கே கோத்து விற்றார்கள். 2024-இல் அதற்கும் தடை வந்தது. அந்தப் போராட்டம் சரியான போராட்டம். அது சரக்கைப் பற்றியது, இறக்குமதிச் சட்டத்தைப் பற்றியது. மனிதர்கள்மேல் அது திரும்பவில்லை.

வேறு இடங்களில் திரும்பியிருக்கிறது. அமெரிக்காவில் மலையைக் குடைந்து ரயில் பாதை போட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் சீனக் கூலிகள். பாதை 1869-இல் முடிந்தது. குறைந்த கூலிக்கு வேலை செய்து எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்று அங்கிருந்த தொழிலாளர்கள் கொதித்தார்கள். குறைந்த கூலி கொடுத்தது முதலாளி. பழி விழுந்தது கூலிக்காரன்மேல். 1882-இல் சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். அதை நீக்க 1943 வரை ஆனது. இந்தோனேசியாவில் சீனப் புத்தாண்டைப் பொது இடத்தில் கொண்டாட 1967-இல் தடை வந்து 2000 வரை நீடித்தது. 1998-இல் விலைவாசி ஏறி ஆட்சி ஆடியபோது ஜகார்த்தாவில் சீனர் கடைகளைக் கொளுத்தினார்கள். மளிகைக் கடை வைத்திருந்தவன்தான் கைக்கு எட்டினான்.

அந்த லைட்டரைச் செய்கிறவளும் உங்களைப் போல் ஒரு தொழிற்சாலைப் பெண்தான். அவளுக்கும் மாதச் சம்பளத்தில் ஊருக்கு அனுப்பவேண்டிய பணம் இருக்கிறது. இதைச் சொல்வதால் உங்கள் கூலி உயர்ந்துவிடாது என்பது எனக்குத் தெரியும். கூலிக்காகக் கேளுங்கள், விடாமல் கேளுங்கள்.

கேள்வி: சீன உணவில் போடும் அஜினோமோட்டோ உடம்புக்கு ஆகாது என்கிறார்களே?
– வாசகர், வள்ளியூர்

பதில்: அது சீனாவின் கண்டுபிடிப்பே இல்லை. 1908-இல் ஜப்பானியரான கிகுனே இகேடா கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்தார்; அஜினோமோட்டோ ஜப்பானிய நிறுவனத்தின் பெயர். 1968-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஒரு கடிதத்திலிருந்து 'சீன உணவக நோய்' என்ற பெயர் பரவியது. பிறகு நடந்த ஆய்வுகளில், அளவாகச் சேர்க்கும் இந்தச் சுவை உப்பு உறுதியான கேடு செய்வதாகத் தெரியவில்லை. தக்காளியிலும் அதே சத்து இயற்கையாக இருக்கிறது. நம் ஊர்க் கடையில் விற்கும் கோபி மஞ்சூரியனுக்கும் சீனாவின் வடகிழக்கிலுள்ள மஞ்சூரியாவுக்கும் சம்பந்தம் கிடையாது. அது இந்தியாவில் பிறந்த பண்டம். அதைக் கொண்டு சீனரின் சமையலை எடைபோடாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கடற்கரைக்கு ஒரு காலத்தில் சீனச் சரக்கு வந்தது என்று தாத்தா சொல்கிறார். உண்மையா?
– கல்லூரி மாணவி, காயல்பட்டினம்

பதில்: உண்மை மகளே. பழைய காயல் பக்கம் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்ததைக் கால்டுவெல் 1881-இல் வெளிவந்த தம் திருநெல்வேலிச் சரித்திரத்தில் பதிவு செய்திருக்கிறார். போக்குவரத்து இரண்டு பக்கமும் இருந்தது. சுவான்சோ நகரத்தில், அதாவது என் வார்டு மூதாட்டியின் ஊர்ப்பக்கத்தில், நம்மவர்கள் ஒரு சிவன் கோயில் கட்டியிருந்தார்கள். சகாப்தம் 1203, அதாவது 1281-இல், குப்ளாய் கான் ஆண்ட காலத்தில் வெட்டிய தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்திருக்கிறது. அந்நகரத்துக் கையுவான் பௌத்தக் கோயிலில் விஷ்ணு, கிருஷ்ணர் உருவங்கள் செதுக்கிய தூண்கள் இன்றும் நிற்கின்றன. கொழும்பு அருங்காட்சியகத்துக்குப் போனால், இலங்கையின் காலி நகரில் கிடைத்த கல்வெட்டைப் பார். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே வைத்தது, 1409 என்று தேதியிட்டது, சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழியில் இருக்கிறது.

உன் வீட்டு அடுக்களையிலும் ஒன்று இருக்கிறது. நாம் 'சீனி' என்கிறோமே, அந்தப் பெயரில் சீனம் இருக்கிறது. ஆனால் சீனப் பேரரசர் தாய்சோங் 7ஆம் நூற்றாண்டில் சர்க்கரை காய்ச்சும் முறையைக் கற்றுவர நம் மகதத்துக்கு ஆள் அனுப்பியவர்.

அந்த மூதாட்டி இருந்த நாளில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றிரவே சொல்லியிருப்பேன், 'ஆ மா, உங்கள் ஊரில் எங்கள் கோயில் இருந்தது' என்று. அவர்கள் பாட்டியை அப்படித்தான் அழைப்பார்கள்.

கேள்வி: பினாங்கில் வேலை செய்கிறேன். சீன நண்பனின் கல்யாணத்துக்கு 201 ரிங்கிட் மொய் வைக்கலாமா?
– வாசகர், கடையநல்லூர்

பதில்: வேண்டாம் தம்பி. நாம் மங்கலமாக நினைத்து ஒரு ரூபாய் சேர்ப்போம். அவர்களுக்குச் சுபகாரியத்தில் இரட்டைப்படைதான் நல்லது. ஒற்றைப்படைத் தொகை சாவு வீட்டுக்கு உரியது. நாலு என்ற எண்ணும் ஆகாது. சிவப்பு உறையில் 200 வைத்து, இரண்டு கையாலும் கொடு. அவன் தங்கை கல்யாணமோ உன் தங்கை கல்யாணமோ அடுத்து வரும்போது, நம் ஒரு ரூபாய்க் கணக்கை அவனுக்கும் முன்கூட்டியே சொல்லிவை.