மீன்தொட்டிக் கேள்வி பதில்: கொன்ட்ரோலர் வாங்க முன்னம்

கேள்வி: நாலடி நீளத் தொட்டி, கீழே சம்ப் (தொட்டி நீர் இறங்கி, பம்பால் மறுபடி மேலேறும் கீழ்த்தொட்டி), எல்லாம் சேர்த்து 200 லீற்றர் கடல்நீர். ஒரு சோடி கோமாளி மீனும் கொஞ்சம் மென்முருகைகளும் இருக்கின்றன. பின்னேரத்தில் தண்ணீர் 30.5 பாகை வரை ஏறுகிறது. கனடாவில் இருக்கும் மச்சான் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது ஓர் அபெக்ஸ் கொன்ட்ரோலர் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். அது வந்தால் இந்தச் சூட்டுப் பிரச்சினை தீருமா? வாங்கச் சொல்லலாமா?
— வாசகர், கோண்டாவில்

பதில்: சூடு தீராது. கொன்ட்ரோலர் என்பது சில சென்சர்களும், சொல்கிற நேரத்தில் திறந்து மூடும் சில பிளக் பொயின்றுகளும், இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு கணினியும்தான். தண்ணீர் 30 பாகை என்று அது கண்டுபிடிக்கும், போனுக்குச் செய்தியும் அனுப்பும். குளிராக்குவதற்கு அதில் ஒன்றுமில்லை. விசிறியோ, சில்லர் என்ற நீர்க்குளிராக்கியோ கொழுவியிருந்தால்தான் அதை இயக்கும்.

குளிர்நாடுகளில் இதை வாங்குவதற்கு முதற் காரணம் ஹீற்றர். ஹீற்றரின் தேர்மோஸ்டற் ஒட்டிக்கொண்டு அணையாமல் போனால் ஓர் இரவிலேயே தொட்டி வெந்துவிடும். அதைத் தடுக்க இரண்டாவது காவலாக ஒரு கொன்ட்ரோலர் வேண்டும். யாழ்ப்பாணத்தில் மார்கழி, தை வாடையிலும் வீட்டுக்குள் இருக்கும் தொட்டிக்குப் பெரும்பாலும் ஹீற்றரே தேவைப்படாது. அங்கே நியாயமான அந்தச் செலவு இங்கே அந்தக் காரணத்துக்காகத் தேவையில்லை. எங்களுக்குள்ள ஆபத்துகள் வேறு: சூடு, ஆவியாதல், கரண்ட் போவது. இந்த மூன்றுக்கும் தனித்தனியே மலிவான மருந்து இருக்கிறது. அவற்றைச் செய்து முடிக்காமல் கொன்ட்ரோலருக்குக் காசைக் கொடுக்க வேண்டாம்.

முதலில் சூடு. சம்புக்கு மேலே இரண்டு 12 வோல்ற் கணினி விசிறிகளைத் தண்ணீர் மட்டத்துக்குச் சாய்வாகப் பூட்டுங்கள். தொட்டியின் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள். ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 0.67 கிலோவாற் மணி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. நாளுக்கு 4 லீற்றர் ஆவியானால், 110 வாற் வெப்பத்தை நாள் முழுக்கத் தொட்டியிலிருந்து வெளியே இறைத்ததற்குச் சமம். பொதுவாக 2, 3 பாகை இறங்கும். மென்முருகைகளுக்கும் கோமாளி மீனுக்கும் 28 பாகை போதும், அது நிலையாக இருக்க வேண்டும்.

ஆனால் அந்த 4 லீற்றரும் நன்னீராகத்தான் போகிறது, உப்பு தொட்டிக்குள்ளேயே நிற்கிறது. ஆயிரத்துக்கு 35 என்ற உப்பளவில் தொடங்கிய 200 லீற்றர், மூன்று நாள் நன்னீர் விடாவிட்டால் 188 லீற்றராகி 37.2 ஆகிவிடும். மீன் தாங்கும், முருகை சுருங்கும். பிறகு அவசரப்பட்டு 12 லீற்றரையும் ஒரேயடியாக ஊற்றினால் அது இன்னொரு அதிர்ச்சி. ஆகவே விசிறி பூட்டுகிறவர் தானாக நன்னீர் விடும் மிதவைச் சுவிற்ச்சையும் சேர்த்தே பூட்ட வேண்டும். இரண்டும் ஒரே வேலையின் இரு பாதிகள்.

அடுத்தது கரண்ட். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். அந்த அளவு இனி வராவிட்டாலும், ஐப்பசி கார்த்திகை மழையில் மரம் விழுந்து இரவிரவாகக் கரண்ட் இல்லாமல் போவது எல்லாருக்கும் தெரிந்ததே. சூடான உப்புநீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். 25 பாகையில் லீற்றருக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம், 30 பாகையில் 6.2. தண்ணீர் அசையாமல் நின்றால் மீன் நெருக்கமாக உள்ள தொட்டியில் சில மணித்தியாலங்களிலேயே மூச்சுத் திணறல் தொடங்கும். மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயை வாயைத் திறப்பதுதான் முதல் அடையாளம். கரண்ட் போனவுடன் தானாக ஓடும் பற்றறி எயர் பம்ப் ஒன்று இதற்குப் போதும். வசதியிருந்தால் 12 வோல்ற், 100 ஆம்பியர்-மணி ஈயப் பற்றறியும், சுத்த சைன் அலை இன்வேர்ட்டரும் வைக்கலாம். பற்றறியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் பாவித்தால் 600 வாற் மணி கிடைக்கும். இன்வேர்ட்டர் தின்பது போக, தொட்டி நீரை அசைக்கும் 20 வாற் அலை பம்ப் ஒன்று ஒரு நாள் முழுக்க ஓடும். மலிவான சதுர அலை இன்வேர்ட்டரில் ஏசி பம்ப் இரையும், சூடாகும், கெதியில் பழுதாகும்.

கொன்ட்ரோலரும் கரண்டில்தான் ஓடுகிறது, வீட்டு வைஃபை ரூற்றரும் அப்படியே. இரண்டும் அணைந்த பிறகு வரக்கூடிய ஒரே செய்தி, ‘உங்கள் கருவியோடு தொடர்பு இல்லை’ என்று வெளிநாட்டு சேர்வரிலிருந்து வருவது. கரண்ட் போனதா, இன்ரநெற் போனதா என்று அதிலிருந்து பிரித்தறிய முடியாது. கொன்ட்ரோலர் வைப்பவர்கள் ரூற்றருக்கும் ஒரு சின்ன யூபிஎஸ் போட வேண்டும்.

இனி மச்சானின் அன்பளிப்பு. கனடா, அமெரிக்கக் கடைகளில் விற்கும் கொன்ட்ரோலரின் பவர் பார் (பிளக் பொயின்றுகள் உள்ள பட்டை) 120 வோல்ற்றுக்கானது. எங்கள் வீட்டுக் கரண்ட் 230 வோல்ற். நேராகக் கொழுவினால் எரியும். ஸ்ரெப்-டவுன் ட்ரான்ஸ்போமர் வைத்தாலும் அந்தப் பொயின்றுகளில் வருவது 120 வோல்ற்தான், இங்கே வாங்கிய பம்ப் எதுவும் அதில் ஒழுங்காக ஓடாது. லண்டனிலோ ஜேர்மனியிலோ உறவினர் இருந்தால் அங்கிருந்து வரும் 230 வோல்ற் கருவி சரிவரும். லண்டன் பிளக் எங்கள் 13 ஆம்பியர் சதுரக்கால் பொயின்றில் அப்படியே இறங்கும். பழைய வீடுகளின் வட்டக்கால் பொயின்றுக்கு மட்டும் மாற்றி தேவை.

மச்சானிடம் இவற்றைக் கேளுங்கள்: கடல்நீரின் உப்பளவு பார்க்கும் ரிஃப்ரக்ரோமீற்றர் ஒன்றும் அதைச் சரிபார்க்க 35 உப்பளவுத் திரவமும், யூஎஸ்பி பற்றறி எயர் பம்ப் இரண்டு, மிதவைச் சுவிற்ச் நான்கு. எல்லாம் கைப்பையில் அடங்கும், வோல்ற் சிக்கலும் இல்லை.

சில்லர் பூட்டி, வன்முருகை வளர்த்து, கல்சியம், காரக் கரைசல்களைப் பம்பால் சொட்டவிடும் நிலைக்கு வந்த பிறகு கொன்ட்ரோலரை யோசியுங்கள். அப்போதும், நீங்கள் கொழும்பில் நிற்கும்போது எச்சரிக்கை வந்தால் வீட்டில் யார் எந்தப் பிளக்கைக் கழற்றுவது என்பதை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பிளக்கிலும் தமிழில் பெயர் ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: கொன்ட்ரோலர் வேண்டாமென்று, இரண்டு பிளக் பொயின்ற் உள்ள இலக்க வெப்பக் கட்டுப்படுத்தி வாங்கி விசிறிகளைக் கொழுவினேன். 27 பாகைக்கு வைத்தேன். பகலில் விசிறி நிற்பதேயில்லை, 27 வருவதுமில்லை. இரவில் டிக் டிக்கென்று நிமிடத்துக்கு ஒருதரம் திறந்து மூடுகிறது. பழுதான சாமானா?
— வாசகர், பருத்தித்துறை

பதில்: சாமான் நல்லது, வைத்த எண்கள்தான் பிழை. ஆவியாதலால் தண்ணீரை ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காற்றோட்டத்தில் காட்டும் எண்) கீழே இறக்க முடியாது. அறைக்குள் 32 பாகையும் 70 வீத ஈரப்பதனும் இருந்தால் அந்த எல்லை ஏறத்தாழ 27.3. பம்பும் விளக்கும் கொடுக்கும் சூட்டையும் சேர்த்தால், எத்தனை விசிறி பூட்டினாலும் 28 இல்தான் நிற்கும். 28.0 என்று வையுங்கள். இரவில் டிக் டிக் என்பது வித்தியாச எண் 0.1 இல் இருப்பதால். அதை 0.5 ஆக்குங்கள். 28.5 இல் தொடங்கி 28.0 இல் நிற்கும், உள்ளே திறந்து மூடும் மின்சுவிற்ச்சான றிலேயின் ஆயுளும் நீளும்.

சென்சரையும் ஒருதரம் பாருங்கள். மலிவான கருவிகளின் உலோக முனை கடல்நீரில் சில மாதங்களில் கபில நிறப் புள்ளி விடும், பிறகு உள்ளே நீர் இறங்கி இல்லாத எண்ணெல்லாம் காட்டும். ஒடுங்கிய கண்ணாடிச் சோதனைக்குழாய்க்குள் சென்சரை விட்டு, வாயைச் சிலிக்கனால் அடைத்து, குழாயைத் தண்ணீரில் இறக்குங்கள். எண் மாற அரை நிமிடம் பிந்தும், அதனால் கெடுதி இல்லை. சரிபார்க்க, ஒரு கோப்பை நிறைய இடித்த ஐஸ் போட்டு, இடைவெளி நிரம்பத் தண்ணீர் விட்டு, கலக்கி, ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். 0 காட்ட வேண்டும். வித்தியாசத்தைக் கருவியின் திருத்த எண்ணில் போடுங்கள்.

குழாயைச் சம்பில் கேபிள் டையால் கட்டுங்கள், வெறுமனே தொங்கவிடாதீர்கள். தண்ணீர் வற்றினாலும் முனை மூழ்கியிருக்கும் உயரம் வேண்டும். வெளியே வந்த சென்சர் அறைக்காற்றின் சூட்டைக் காட்டும். விசிறியானால் வீணாக ஓடும், அவ்வளவுதான். நாளைக்கு இதே கருவியில் சில்லரைக் கொழுவினால் தண்ணீர் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும். சில்லருக்கு இதைப் பாவிக்கும்போது கொம்பிரசர் தாமதத்தை (நின்ற கொம்பிரசர் மறுபடி தொடங்கக் காத்திருக்கும் நேரம்) 3 நிமிடத்துக்குக் குறையாமல் வையுங்கள்.

கேள்வி: உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவில் படிக்கிறேன். ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் ரீஃப்-பை மென்பொருளைப் போட்டு நானே கொன்ட்ரோலர் செய்யலாமா? அப்பா கரண்ட் விஷயம் என்று பயப்படுகிறார்.
— மாணவர், சாவகச்சேரி

பதில்: செய்யலாம் தம்பி, அப்பாவின் பயமும் நியாயமானதே. ரீஃப்-பை இலவசத் திறந்தமூல மென்பொருள். வெப்பத்துக்கு டிஎஸ்18பி20 சென்சரும் 4.7 கிலோ ஓம் தடையியும், மட்டத்துக்கு இரண்டு மிதவைச் சுவிற்ச், ஒரு றிலே பலகை, இவ்வளவும் தொடங்கப் போதும். முதல் மாதம் 12 வோல்ற் விசிறிகளையும் 12 வோல்ற் நன்னீர்ப் பம்பையும் மட்டும் இயக்குங்கள். 230 வோல்ற் பக்கத்தை மின்னிணைப்பாளர் ஒருவர் மூடிய பெட்டிக்குள் செய்து தரட்டும். வீட்டு மெயின் பெட்டியில் 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிற்ச் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. தொட்டியிலிருந்து வரும் ஒவ்வொரு வயரும் பிளக்குக்கு முன்னே ஒருதரம் கீழே வளைந்து பிறகு மேலேற வேண்டும். வயர் வழியே வடியும் உப்புநீர் அந்த வளைவில் சொட்டி நிலத்தில் விழும், பிளக்குக்குப் போகாது.

பலர் பிழைவிடும் இடம் றிலேயின் மூன்று முனைகள். நடுவில் பொதுமுனை, ஒரு பக்கம் ‘வழமையில் மூடியது’, மறுபக்கம் ‘வழமையில் திறந்தது’. உங்கள் பை நடு இரவில் அணைந்துபோனால் எது ஓட வேண்டும், எது நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு கருவிக்கும் கேட்டுப் பாருங்கள். சம்பிலிருந்து மேலே இறைக்கும் பம்ப் ஓடத்தான் வேண்டும், அதை வழமையில் மூடிய முனையில் கொழுவுங்கள். நன்னீர்ப் பம்ப் நிற்க வேண்டும், அது வழமையில் திறந்த முனைக்கு. பலகையில் 10 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் சில்லரை அந்தச் சிறு நீல றிலேயில் கொழுவாதீர்கள். கொம்பிரசர் தொடங்கும்போது இழுக்கும் கரண்டில் தொடுமுனைகள் உருகி ஒட்டிவிடும். சில்லருக்குச் சொந்தத் தேர்மோஸ்டற் இருக்கிறது, அது நேரே சுவர்ப் பொயின்றில் இருக்கட்டும்.

இன்னொன்று: பை தொடங்கும் சில விநாடிகளில் சில றிலே பலகைகள் தாமாக ஒருதரம் துள்ளும். பம்புகளைக் கொழுவ முன் வெறும் பல்பைக் கொழுவிப் பத்துத் தரம் கரண்டை நிறுத்தித் தொடங்கிப் பாருங்கள். திடீர்க் கரண்ட் வெட்டில் எஸ்டி அட்டை பழுதாகக்கூடும். அமைப்பு முடிந்தவுடன் அட்டையின் பிரதி ஒன்றை எடுத்து மேசை லாச்சியில் வையுங்கள்.

கேள்வி: தானாக நன்னீர் விடும் ஒழுங்குக்கு எங்கள் கிணற்று நீரைப் பாவிக்கலாமா? குடிக்க நல்ல தண்ணீர்தான்.
— வாசகி, சுன்னாகம்

பதில்: வேண்டாம். குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணக்கல்லிலிருந்து ஊறுகின்றன. தோட்டப் பக்கக் கிணறுகளில் பசளையிலிருந்து வந்த நைத்திரேற்றும் கூட. ஆவியாவது தூய நீர், நீங்கள் விடுவது கரைந்த உப்புகளோடு கூடிய நீர் என்றால் நாளுக்கு 4 லீற்றர் வீதம் அந்தக் கரைசல் தொட்டிக்குள் சேர்ந்துகொண்டே போகும். பாசி படரும் பல தொட்டிகளில் காரணம் இதுதான். கடையில் போத்தலில் விற்கும் ஆர்ஓ (சவ்வால் வடித்த) தண்ணீரை வாங்கி, மிச்ச உப்புகளைப் பிடிக்கும் டீஐ பிசின் குழாய் ஒன்றினூடாக விட்டு, கரைந்த பொருள்களைக் காட்டும் டீடிஎஸ் மீற்றரில் 0 வந்த பிறகு பாவியுங்கள்.

நன்னீர் வாளி 20 லீற்றருக்கு மேல் வேண்டாம். மிதவையில் நத்தை ஏறி ஒட்டினால் பம்ப் நிற்காது. 20 லீற்றரும் உள்ளே போனால் உப்பளவு 31.8, அதை மீன்கள் தாங்கும். 100 லீற்றர் பீப்பாயானால் 23 வரை விழும், வீட்டு நிலமும் நனையும். குழாயின் வாய் சம்பு நீருக்கும் வாளியின் நீர்மட்டத்துக்கும் மேலே நிற்கட்டும், இல்லாவிட்டால் பம்ப் நின்ற பிறகும் நீர் இழுபட்டுக்கொண்டேயிருக்கக்கூடும்.

கேள்வி: பிஎச் சென்சர் இரவில் 7.8, பகலில் 8.2 காட்டுகிறது. இரவில் காரக் கரைசல் விடக் கொன்ட்ரோலரில் கட்டளை போடலாமா?
— வாசகர், கொக்குவில்

பதில்: போடவே கூடாது. விளக்கணைந்தால் பாசியும் முருகையும் காபனீரொட்சைட்டை உறிஞ்சுவதை நிறுத்துகின்றன, பிஎச் இறங்குகிறது. அது இயல்பு. 7.8 ஆபத்துமில்லை. சென்சரில் பாசி படர்ந்து பிழையான எண் காட்டினால், கொன்ட்ரோலர் அதை நம்பிக் காரத்தைக் கொட்டிக்கொண்டேயிருக்கும். காரத்தை நேரக் கணக்கில் விடுங்கள், பிஎச்சை எச்சரிக்கைக்கு மட்டும் வையுங்கள். மாதம் ஒருதரம் மென்மையான பிரஷால் முனையைத் துடைத்து, 7, 10 கரைசல்களில் சரிபாருங்கள். ஒன்றிரண்டு வருடத்தில் சென்சரையே மாற்ற வேண்டிவரும். கழற்றி வைக்கும்போது பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசலில் வையுங்கள், காய்ந்தால் போச்சு. இரவில் அறை யன்னலைத் திறந்துவைத்துப் பாருங்கள். பூட்டிய அறையில் ஆட்கள் படுத்தால் காற்றிலேயே காபனீரொட்சைட்டு ஏறிவிடும், 7.8 என்பது 7.9 ஆக ஏற அதுவே போதுமாக இருக்கலாம்.