கேளுங்க சொல்றோம்: தோட்டத்து மக்களுக்கு போன்ல குரல் செய்தி

கேள்வி: அண்ணே, நாங்க தோட்டங்கள்ல இருக்கற இனிப்புநீர்காரங்களுக்கும் கர்ப்பிணிங்களுக்கும் கிளினிக் தேதிய ஞாபகப்படுத்துற சின்ன குழு. வயசானவங்க எஸ்எம்எஸ் படிக்கறதில்ல, குரலாவே அனுப்பணும், 2000 பேர். ஒரு கம்பெனி சொன்ன விலை கட்டுப்படியாகல. மலிவா வழி இருக்கா? – வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இருக்கும்மா. சாப்ட்வேருக்கு ஒரு வெள்ளி கூட தர வேணாம், ஆஸ்டெரிஸ்க்னு ஒன்னு 1999லேர்ந்து இலவசமா கிடைக்குது, பழைய கம்ப்யூட்டர்ல லினக்ஸ்ங்கற இலவச சிஸ்டம் போட்டு ஏத்திட்டா அதுவே ஒவ்வொரு நம்பரா அடிச்சி, எடுத்தவங்களுக்கு பேசி, பதிலுக்கு 1 அமுக்கினாங்களா 2 அமுக்கினாங்களான்னு குறிச்சி வச்சிரும்.

காசு போறது லைனுக்குத்தான். விலை கம்மின்னு சிம் போடுற கேட்வே பெட்டிய காட்டுவாங்க, ஆனா ரிங் போயி கேட்டு முடிக்க ஆளுக்கு 2 நிமிஷம்னு வைங்க, 4 சிம்ல 2000 பேருக்கு 1000 நிமிஷம் ஆகும், அதாவது 16 மணி நேரத்துக்கும் மேல. இன்டர்நெட் வழியா ஒரே நேரத்துல 30 கால் போற சிப் ட்ரங்க் (SIP trunk) லைன்னா 2 மணி நேரம் சொச்சத்துல முடிஞ்சிரும். அதோட 3ஜிய நம்ம மலேசியாவுல 2021லயே மூட ஆரம்பிச்சிட்டாங்க, பழைய 3ஜி பெட்டிய யாரும் தலையில கட்டாம பாத்துக்குங்க. லைன் எடுக்கறப்ப விநாடி கணக்கா நிமிஷ கணக்கான்னு கட்டாயம் கேளுங்க, 35 விநாடி செய்திக்கு முழு நிமிஷ காசு போச்சுன்னா செலவு கிட்டத்தட்ட ஒன்னே முக்கால் மடங்கு.

இதவிட பெரிய விஷயம், போன எடுக்க வைக்கறது. ஸ்கேம் பயத்துல தெரியாத நம்பர யாரும் எடுக்கறதில்ல. அதனால நம்பர் எப்பவும் ஒன்னாவே இருக்கட்டும், செக்கப்புக்கு வரும்போதே மிஸி (நர்ஸ்) அவங்க போன்ல சேவ் பண்ணி குடுக்கட்டும், ரெக்கார்ட் பண்ற செய்தியிலயும் அந்த மிஸி குரலே வந்தா ரொம்ப நல்லது, பின்னாடி மியூசிக் மட்டும் வேணாம், போன் லைன்ல பேச்சே புரியாம போயிரும். எடுக்காதவங்களுக்கு சாயங்காலம் மறுபடி அடிங்க, அவங்க மிஸ்டு கால் குடுத்தா கம்ப்யூட்டரே திருப்பி கூப்பிடற மாதிரி செட் பண்ணுங்க, டாப்அப் இல்லாதவங்களும் கேக்கலாம். இந்தியாவுல கில்காரின்னு அரசாங்க திட்டம் ஒன்னு, கர்ப்பிணிங்களுக்கும், பிள்ளைக்கு ஒரு வயசு ஆகற வரைக்கும் அம்மாங்களுக்கும் வாரா வாரம் இப்படி குரல்லயே 72 செய்தி வரைக்கும் அனுப்புது, அதனால பெரிய அளவுல நடக்காதோன்னு தயங்காதீங்க.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் ஒரு லிஸ்டுக்கு 256 பேர்தான், அதுவும் உங்க நம்பர சேவ் பண்ணவங்களுக்கு மட்டுந்தான் போகும், சின்ன வயசுக்காரங்களுக்கு வச்சிக்குங்க.

ஒன்னு மட்டும் மறக்காதீங்க: லயத்து வீடுகள்ல ஒரே போன நாலு பேர் எடுப்பாங்க. நோய் பேர சொல்லாம "வியாழக்கிழமை கிளினிக் வாங்க"ன்னு மட்டும் சொல்லுங்க, நம்பர் வாங்கறப்பவே சம்மதத்தையும் எழுதி வாங்கிடுங்க.